உறை பிரிக்கப்படாத வட்டு: ஆப்பிள் – சைஸ்டார் வழக்கும், ஓர் இயங்குதளத்தைப் பல கணினிகளில் நிறுவும் உரிமையும்

2008 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமி நகரை ஒட்டி இயங்கிவந்த சைஸ்டார் என்னும் சிறு நிறுவனம் 399 டாலர் விலையில் ஒரு மேசைக் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சந்தையில் யாரும் வாங்கக்கூடிய உதிரிப் பாகங்களைக் கோத்துச் செய்த கணினி அது. முதலில் அதற்கு 'ஓப்பன்மேக்' என்று பெயரிட்டார்கள். சில நாள்களுக்குள் 'ஓப்பன் கம்ப்யூட்டர்' என்று மாற்றினார்கள். கூடுதல் பணம் கொடுத்தால் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ஓஎஸ் எக்ஸ் லெப்பர்ட் இயங்குதளத்தை ஏற்கெனவே நிறுவிய நிலையில் கணினியை அனுப்பிவைத்தார்கள். அத்தகைய கணினியோடு, கடையில் காசு கொடுத்து வாங்கிய லெப்பர்ட் டிவிடி ஒன்றும் உறை பிரிக்கப்படாமல் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு கணினிக்கு ஒரு வட்டு வாங்கியாகிவிட்டது, விலையும் கொடுத்தாகிவிட்டது, பிறகு என்ன குறை என்பதுதான் சைஸ்டாரின் வாதம். மூன்றாண்டுக்கும் மேல் நடந்த வழக்கில் அந்த வாதம் நிற்கவில்லை. பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்தை நசுக்கிய கதையாகவோ, ஆப்பிள் தன் மென்பொருளைத் தன் கணினியோடு கட்டிப்போட்டதன் கதையாகவோதான் இவ்வழக்கு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்தக் கோணங்களும் வழக்கில் உண்டு. ஆயினும், ஒரே இயங்குதளத்தை நூறு கணினிகளில் நிறுவும் பொறுப்பில் இருக்கும் எவரும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் வேறு. ஹார்டு டிஸ்கில் உள்ள பிரதி எது, அது எதிலிருந்து எடுக்கப்பட்டது, எடுக்க அனுமதித்தவர் யார் என்ற கேள்விகளில்தான் வழக்கு முடிவானது. உறைக்குள் இருந்த வட்டின் விலைச்சீட்டு அக்கேள்விகளுக்கு விடையாகவில்லை.

நிறுவிய முறை

சைஸ்டாரின் வணிகம் சாத்தியமானதற்கு ஆப்பிள் எடுத்த ஒரு முடிவே காரணம். பவர்பிசி சில்லுகளை விட்டு இன்டெல் சில்லுகளுக்கு மாறப்போவதாக 2005 ஜூனில் அறிவித்த ஆப்பிள், 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் கணினிகளை வெளியிட்டது. அதுமுதல் மேக் கணினியின் உட்பாகங்களும் சாதாரணக் கணினியின் உட்பாகங்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. கணினிப் பித்தர்கள் தம் வீட்டுக் கணினிகளில் மேக் ஓஎஸ் எக்ஸை ஓடவைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அதைக் கடைச்சரக்காக்கியது சைஸ்டார்.

அதற்கு முன்பும் மேக் நகல் கணினிகள் இருந்ததுண்டு. 1995 முதல் பவர் கம்ப்யூட்டிங் முதலிய சில நிறுவனங்களுக்கு ஆப்பிளே உரிமம் கொடுத்தது; 1997இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்தபின் அந்த ஏற்பாட்டை முடித்து, பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் வணிகத்தைப் பத்துக் கோடி டாலர் மதிப்புக்கு ஆப்பிளே வாங்கிக்கொண்டது. ஆகவே உரிமம் பெற்ற நகல் கணினி என்பது பழைய செய்தி. உரிமம் பெறாமல் வெளிப்படையாகக் கடை விரித்ததே சைஸ்டாரின் புதுமை.

நீதிமன்றப் பதிவுகளிலிருந்து தெரியவரும் நிறுவல் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வழக்கின் உயிர்நாடி அதில் இருக்கிறது. சைஸ்டார் மேக் ஓஎஸ் எக்ஸின் ஒரு பிரதியை வாங்கி, முதலில் ஆப்பிளின் மேக் மினி கணினி ஒன்றில் நிறுவியது. பிறகு அங்கிருந்து அதை ஆப்பிள் அல்லாத வேறொரு கணினிக்கு நகலெடுத்தது. இந்த இரண்டாவது கணினியை அவர்கள், ஹார்டு டிஸ்கின் முழு நகலான 'இமேஜ்' எடுக்கும் இமேஜிங் நிலையமாகப் பயன்படுத்தினார்கள். அதில் வைத்து, கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் ஆப்பிளின் பூட்லோடரை நீக்கித் தங்களுடையதைப் பொருத்தினார்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியோடு சேர்ந்து வன்பொருளை இயக்கும் கெர்னல் நீட்சிகள் சிலவற்றை நீக்கியும் முடக்கியும், ஆப்பிள் அல்லாத வேறு சில நீட்சிகளைச் சேர்த்தும், சாதாரண வன்பொருளில் ஓடும்படி செய்தார்கள். இப்படித் திருத்தப்பட்ட பிரதி மாஸ்டர் இமேஜ் ஆயிற்று. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு கணினியின் ஹார்டு டிஸ்கிலும் அந்த இமேஜ் அப்படியே ஏற்றப்பட்டது.

கல்லூரி ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ நாற்பது கணினிகளை ஒருசேரத் தயார் செய்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஒரு கணினியை முழுதாக அமைத்து, இமேஜ் எடுத்து, மற்றவற்றில் குளோன் செய்வதுதான் எங்கும் உள்ள வழக்கம். நாற்பது முறை வட்டைப் போட்டு நாற்பது முறை 'அடுத்து' என்பதை அழுத்திக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. சைஸ்டாரும் தொழில்நுட்ப நோக்கில் அதையேதான் செய்தது. விளைவோ, வாடிக்கையாளர் கைக்குப் போன வட்டும் அவருடைய ஹார்டு டிஸ்கில் இருந்த பிரதியும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை ஆயின. வட்டு கடையில் வாங்கப்பட்டது. பிரதி வேறொரு வட்டிலிருந்து பிறந்து, மாற்றப்பட்டு, பெருக்கப்பட்டது.

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது

லெப்பர்ட் 2007 அக்டோபரில் வெளியானபோது ஒற்றை உரிமப் பெட்டியின் விலை 129 டாலர். அதனுடன் வந்த உரிம ஒப்பந்தம், ஆப்பிள் பெயர் தாங்கிய ஒரு கணினியில், ஒரு நேரத்தில் ஒரு பிரதியை நிறுவிப் பயன்படுத்த அனுமதித்தது. ஆப்பிள் பெயர் இல்லாத கணினியில் நிறுவவோ பயன்படுத்தவோ கூடாது என்றும், பிறர் அவ்வாறு செய்ய வழிவகுக்கவும் கூடாது என்றும் அதே பத்தி தடுத்தது. மென்பொருள் பதிந்துள்ள வட்டு வாங்கியவருக்குச் சொந்தம், மென்பொருளின் உடைமை ஆப்பிளிடமே இருக்கும் என்று வேறோரிடத்தில் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது.

இதே இயங்குதளத்துக்குக் குடும்பப் பெட்டி என்று ஒன்றும் இருந்தது. விலை 199 டாலர். ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் பயன்படுத்தும் ஐந்து ஆப்பிள் கணினிகள் வரை அதைக் கொண்டு நிறுவலாம். வணிகப் பயனர்களுக்கு அது செல்லாது. வட்டில் உள்ள மென்பொருளில் வேறுபாடு இல்லை. எழுத்தில் உள்ள அனுமதிதான் ஒன்றிலிருந்து ஐந்தாக விரிந்தது. வாங்கும் பொருள் வட்டு அன்று, எண்ணிக்கை குறித்த அனுமதியே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மூன்று பேர் வேலை செய்யும் ஒரு சிறு அலுவலகம் குடும்பப் பெட்டியை வாங்கி மூன்று மேக் கணினிகளில் நிறுவியிருந்தால், கணினிகளின் எண்ணிக்கை வரம்புக்குள் இருந்தபோதிலும் அது ஒப்பந்த மீறலே. வீடு என்ற நிபந்தனை அங்கே பொருந்தவில்லை. எத்தனை கணினிகள் என்பதைப் போலவே யாருடைய கணினிகள், எங்கே உள்ள கணினிகள் என்பவையும் உரிமத்தின் பகுதிகள்.

வழக்கு

2008 ஜூலை 3 அன்று ஆப்பிள், கலிஃபோர்னியாவின் வட மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பதிப்புரிமை மீறல், ஒப்பந்த மீறல், வணிகக்குறி மீறல் ஆகியவை குற்றச்சாட்டுகளுள் அடங்கும். தொழில்நுட்பப் பூட்டை உடைத்தது குறித்த குற்றச்சாட்டு பின்னர்ச் சேர்ந்தது. வழக்கு நீதிபதி வில்லியம் ஆல்சப் முன் வந்தது. சில ஆண்டுகள் கழித்து ஆரக்கிள் – கூகுள் வழக்கை விசாரித்து மென்பொருள் உலகில் பரவலாக அறியப்பட்டவர் அவர்.

சைஸ்டார் முதலில் எடுத்த ஆயுதம் ஏகபோகத் தடைச் சட்டம். மேக் ஓஎஸ் தனியொரு சந்தை, அதில் ஆப்பிள் ஏகபோகம் செலுத்துகிறது, அந்த வலிமையைக் கொண்டு வன்பொருள் சந்தையையும் கட்டிப்போடுகிறது என்று எதிர்வழக்கு தொடுத்தது. 2008 நவம்பரில் ஆல்சப் அதைத் தள்ளுபடி செய்தார். ஒரு நிறுவனத்தின் ஒற்றைத் தயாரிப்பையே ஒரு தனிச் சந்தையாகக் கொள்ள முடியாது என்றார். மேக் கணினிகளுக்கு ஆப்பிள் செய்யும் பெரும் விளம்பரமே போட்டி இருப்பதன் அடையாளம் என்றும் சுட்டினார். விண்டோஸ் கணினிகள் நிறைந்த உலகில் அம்முடிவு எதிர்பார்க்கத்தக்கதே.

அதன்பின் சைஸ்டார் பதிப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்துதல் என்ற கோட்பாட்டைக் கையில் எடுத்தது. இடையில் 2009 மே மாதம் திவால் பாதுகாப்புக் கோரியதால் வழக்கு சிறிது காலம் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் லெப்பர்டின் அடுத்த பதிப்பான ஸ்னோ லெப்பர்ட் வெளியாகும் தறுவாயில் ஃபுளோரிடாவில் தனி வழக்கு ஒன்றையும் சைஸ்டார் தொடுத்தது.

2009 நவம்பர் 13

முழு விசாரணை தேவைப்படாமல், இருதரப்பும் ஒப்புக்கொண்ட உண்மைகளின் மேலேயே ஆல்சப் அன்று ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு உரிமையாளருக்கு வழங்கும் உரிமைகளில் மூன்றை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

முதலாவது பிரதியெடுக்கும் உரிமை. இமேஜிங் நிலையத்தில் ஒரு பிரதி, விற்கப்பட்ட ஒவ்வொரு கணினியிலும் ஒரு பிரதி என்று சைஸ்டார் பிரதிகள் எடுத்ததில் ஐயமே இல்லை. அதற்கு ஆப்பிளின் அனுமதியும் இல்லை.

இரண்டாவது விநியோகிக்கும் உரிமை. சைஸ்டாரின் நம்பிக்கை முழுதும் இங்கேதான் இருந்தது. முதல் விற்பனைக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. சட்டத்தின் 109ஆம் பிரிவில் அது இடம்பெறுகிறது. முறையாக வாங்கிய புத்தகத்தை மறுபடி விற்க எழுத்தாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். வாங்கிய வட்டுக்கு ஈடாக ஒரு கணினி என்று கணக்கு ஒத்துப்போவதால் அந்தப் பாதுகாப்பு தமக்கு உண்டு என்றது சைஸ்டார். ஆல்சப் இதை ஏற்கவில்லை. அப்பிரிவு சட்டப்படி உருவாக்கப்பட்ட பிரதிகளுக்கு மட்டுமே பொருந்தும். ஹார்டு டிஸ்கில் விற்கப்பட்டவையோ அனுமதியின்றி உருவாக்கப்பட்ட மாஸ்டரிலிருந்து பிறந்தவை. உறைக்குள் இருந்த வட்டு முறையாக வந்ததாகவே இருக்கட்டும். அதன் முறைமை பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிரதிக்குத் தாவாது.

என் கருத்தில் இந்த ஒரு முடிவே வழக்கின் சாரம். அதை விளங்கிக்கொள்ளப் புத்தகத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு நூலின் நூறு பிரதிகளைக் கடையில் வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு, அந்நூலை நானே திருத்தி அச்சிட்டு நூறு பேருக்கு விற்கிறேன். ஒவ்வொருவருக்கும் அலமாரியிலிருந்து ஒரு பிரதியையும் சேர்த்துக் கொடுக்கிறேன். எழுத்தாளருக்கு நூறு பிரதிகளின் வருமானம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது உண்மை. ஆயினும் அச்சிடும் உரிமையை நான் வாங்கவில்லை. இழப்பீட்டைக் கணக்கிடும்போது வேண்டுமானால் அந்த வருமானம் பேசப்படலாம். மீறல் நடந்ததா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

மூன்றாவது தழுவல் படைப்பு உருவாக்கும் உரிமை. தாங்கள் மூல நிரலையோ இயந்திர நிரலையோ தொடவில்லை, அக்கம்பக்கத்துக் கோப்புகளை மட்டுமே மாற்றினோம் என்று சைஸ்டார் சொல்லிப் பார்த்தது. பூட்லோடரை மாற்றுவதும் கெர்னல் நீட்சிகளை நீக்குவதும் சேர்ப்பதும் இயங்குதளத்தையே வேறொன்றாக்கும் மாற்றங்கள் என்று நீதிமன்றம் கருதியது.

இவற்றோடு, தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டமும் வந்து சேர்ந்தது. மேக் ஓஎஸ் எக்ஸின் சில இன்றியமையாத கோப்புகளை ஆப்பிள் மறைகுறியாக்கியிருந்தது. அவற்றைத் திறக்கும் சாவி மேக் கணினியின் வன்பொருளுக்குள் இருந்தது. சைஸ்டாரின் மென்பொருள் அச்சாவியை வன்பொருளின் துணையின்றியே கொடுத்தது. அந்தச் சாவி இணையத்தில் ஏற்கெனவே உலவுகிறது, ஆகவே அது பயனுள்ள பூட்டே அல்ல என்ற வாதத்தையும் நீதிமன்றம் நிராகரித்தது. பூட்டைத் திறக்கும் வழி ஊருக்கே தெரிந்திருப்பதால் அது பூட்டு இல்லை என்றாகிவிடாது.

எழுப்பப்படாத வாதம்

மென்பொருளை நிறுவும் உரிமை பற்றிப் பேசும் எவரும் 117ஆம் பிரிவைக் கடந்து போக முடியாது. ஒரு நிரலின் பிரதிக்கு உடைமையாளராக இருப்பவர், அந்த நிரலைக் கணினியில் பயன்படுத்த இன்றியமையாத படியாக இன்னொரு பிரதி எடுப்பதையும் அதற்கேற்பத் தழுவி அமைப்பதையும் அப்பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. வட்டிலிருந்து ஹார்டு டிஸ்குக்கு நிறுவுவதே ஒரு பிரதியெடுப்புதான். நினைவகத்தில் ஏற்றுவதும் பிரதியெடுப்பே என்று கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் எம்ஏஐ – பீக் வழக்கில் கூறியிருந்தது. இந்நிலையில் சைஸ்டாருக்கு மிகவும் பொருத்தமான தற்காப்பு 117ஆம் பிரிவே. ஆனால் அதைத் தன் எதிர்மனுவில் உரிய நேரத்தில் அந்நிறுவனம் எழுப்பவில்லை. ஆகவே அந்தத் தற்காப்பைக் கைவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றார் ஆல்சப். ஒரு பத்தியை மனுவில் சேர்க்காமல் விட்டதால், வழக்கின் மிக முக்கியமான சட்டக் கேள்வி ஆராயப்படாமலே போயிற்று. இதை ஒரு பெருங்குறையாகவே நான் பார்க்கிறேன்.

எழுப்பியிருந்தால் வென்றிருக்குமா? வென்றிருக்காது என்றே நினைக்கிறேன். 117ஆம் பிரிவே, தழுவி அமைக்கப்பட்ட பிரதிகளைப் பதிப்புரிமை உரிமையாளரின் அனுமதியோடு மட்டுமே பிறருக்கு மாற்றித் தர முடியும் என்று வரம்பிடுகிறது. சைஸ்டார் விற்றவை அனைத்தும் தழுவப்பட்ட பிரதிகள். அதற்கும் மேலாக, அதே ஒன்பதாவது சுற்று நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்த வேறொரு வழக்கு இந்த வாசலை முன்பே ஏறக்குறைய அடைத்திருந்தது. இமேஜிங் முறையில் நிறுவுவோர் சைஸ்டார் வழக்கைவிடவும் கவனித்துப் படிக்க வேண்டிய வழக்கு அது.

லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட ஷெரிஃப் துறை, வால் டேட்டா என்னும் நிறுவனத்தின் ரும்பா மென்பொருளுக்கு 3,663 உரிமங்கள் வாங்கியது. இயங்குதளம் அல்ல, தனிக்கணினியிலிருந்து பெருங்கணினியை அணுக உதவும் மென்பொருள் அது. நிறுவிய முறை மட்டும் சைஸ்டாரின் முறையை அப்படியே ஒத்தது. மாஸ்டர் ஹார்டு டிஸ்க் ஒன்றில் எல்லா மென்பொருளையும் ஏற்றி, அதை 6,007 கணினிகளுக்கு நகலெடுத்தார்கள். ஊழியர்கள் இன்று ஒரு மேசை, நாளை ஒரு மேசை என்று மாறி உட்கார்வதால் எல்லாக் கணினியிலும் மென்பொருள் இருந்தால் வசதி என்பது காரணம். அதே சமயம், ஒரு நேரத்தில் 3,663 பேருக்கு மேல் அதைப் பயன்படுத்த முடியாதபடி கட்டுப்பாடும் வைத்திருந்தார்கள். நேர்மையான நோக்கத்தோடு செய்த ஏற்பாடாகவே அது தெரிகிறது.

உரிமமோ, குறிப்பிட்ட ஒரு கணினியில் நிறுவலாம், 30 நாளுக்கு ஒருமுறைக்கு மேல் இடம் மாற்றக் கூடாது என்றது. ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்ற கணக்கு அதில் இல்லை. நடுவர் குழு 2,10,000 டாலர் இழப்பீடு விதித்தது. வழக்கறிஞர் கட்டணம் தனியாக வந்தது. மேல்முறையீட்டில், சில சூழல்களில் அனுமதியின்றியும் பயன்படுத்தலாம் என்னும் நியாயமான பயன்பாட்டு வாதம் தோற்றது: வேண்டிய நெகிழ்வைத் துறை பேரம் பேசி விலைக்கு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை என்றது நீதிமன்றம். 117ஆம் பிரிவும் தோற்றது: துறை உரிமம் பெற்றவரே தவிர உடைமையாளர் அல்லர், தவிர, மாஸ்டரிலிருந்து எல்லாக் கணினிக்கும் நகலெடுத்தது மென்பொருளைப் பயன்படுத்த இன்றியமையாத படி அன்று, வசதிக்காகச் செய்ததே என்று முடிவானது.

வசதி வேறு, இன்றியமையாமை வேறு என்ற இந்தப் பிரிப்பு கணினித் துறையில் இருப்பவர்களுக்கு எளிதில் உவப்பாக இராது. நாற்பது கணினிகளில் கையால் நிறுவுவதும் இமேஜ் மூலம் நிறுவுவதும் முடிவில் ஒரே பிட்டுகளையே தருகின்றன. ஆனால் சட்டம் பார்ப்பது பிட்டுகளை அல்ல. அந்தப் பிட்டுகள் வந்த வழியையும், அவ்வழிக்கு அனுமதி எழுத்தில் உள்ளதா என்பதையுமே அது பார்க்கிறது.

மேல்முறையீடு

நவம்பர் தீர்ப்புக்குப் பின், 2009 டிசம்பரில் இரு தரப்பும் ஒரு பகுதி உடன்பாட்டுக்கு வந்தன. ஏறத்தாழ 27 லட்சம் டாலர் தர சைஸ்டார் ஒப்புக்கொண்டது. மேல்முறையீடுகள் முடியும்வரை அதை வசூலிப்பதில்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. டிசம்பர் 15 அன்று ஆல்சப் நிரந்தரத் தடையாணை பிறப்பித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று கெடு விதித்தார். அதற்குள் சைஸ்டார் ரெபெல் இஎஃப்ஐ என்ற மென்பொருளையும் விற்கத் தொடங்கியிருந்தது. வாடிக்கையாளர் தாமே வாங்கிய மேக் ஓஎஸ் எக்ஸைத் தம் கணினியில் தாமே நிறுவ அது உதவும் என்பது அவர்கள் சொன்ன வேறுபாடு. அதற்குத் தடையாணையிலிருந்து விலக்குத் தர நீதிபதி மறுத்துவிட்டார்.

மேல்முறையீட்டில் சைஸ்டார், தான் பிரதியெடுத்ததில் மீறல் இல்லை என்று வாதிடவில்லை. ஆப்பிள் தன் பதிப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்பதையே முன்வைத்தது. மென்பொருள் மீதுள்ள உரிமையைக் கொண்டு, பதிப்புரிமை இல்லாத வன்பொருளின் மீதும் ஆதிக்கம் செலுத்துவது சரியா என்பது கேள்வி.

2011 செப்டம்பர் 28 அன்று நீதிபதி மேரி ஷ்ரோடர் எழுதிய தீர்ப்பில் ஒன்பதாவது சுற்று நீதிமன்றம் இதை மறுத்தது. தன் படைப்பு எவ்வாறு பயன்படுத்தப்பட வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது தவறான பயன்பாடு ஆகாது. போட்டியாளர் தம் சொந்தப் படைப்பை உருவாக்குவதைத் தடுத்தால்தான் அது தவறு. ஆப்பிளின் ஒப்பந்தம் சைஸ்டாரைச் சொந்த இயங்குதளம் எழுதக்கூடாது என்று தடுக்கவில்லை, ஆப்பிள் கணினியில் பிறருடைய பாகங்களைப் பொருத்தக்கூடாது என்றும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் விளக்கியது. வாங்கியவர்கள் உரிமம் பெற்றவர்களே தவிர மென்பொருளின் உடைமையாளர்கள் அல்லர் என்பதையும் உறுதிப்படுத்தியது. அதற்கு ஓராண்டு முன்பே, 2010 செப்டம்பரில், வெர்னர் – ஆட்டோடெஸ்க் வழக்கில் இதற்கான மூன்று அளவுகோல்களை அதே நீதிமன்றம் வகுத்திருந்தது: உரிமம் மட்டுமே தரப்படுவதாக எழுதியிருத்தல், பிறருக்கு மாற்றுவதைக் கணிசமாகக் கட்டுப்படுத்தல், பயன்பாட்டுக்குக் குறிப்பிடத்தக்க வரம்புகள் விதித்தல். ஆவணங்கள் சிலவற்றை முத்திரையிட்டு மறைத்துவைத்த ஆணையை மட்டும் போதிய காரணம் இல்லை என்று மாவட்ட நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

பிரதியெடுப்பு பற்றிய ஆல்சப்பின் தர்க்கத்தில் நான் குறை காணவில்லை. தவறான பயன்பாடு பற்றிய மேல்முறையீட்டுத் தர்க்கம் எனக்கு அந்த அளவு நிறைவளிக்கவில்லை. சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதிக்கொள்ளலாமே என்பது ஒரு சிறு கணினித் தயாரிப்பாளருக்குக் கிடைக்கும் பொருளுள்ள மாற்றுவழி அன்று. வாடிக்கையாளரே நேர்வழியில் வாங்கிய ஒற்றைப் பிரதியை, மாஸ்டரும் இல்லாமல் மறுவிற்பனையும் இல்லாமல், தன் மேசையில் உள்ள வேறொரு கணினியில் நிறுவிக்கொள்வதைத் தடுக்கும் நிபந்தனை எவ்வளவு தூரம் செல்லும் என்பது இவ்வழக்கில் தனியாக எடைபோடப்படவே இல்லை. சைஸ்டாரின் மாஸ்டர் இமேஜ் அந்தக் கேள்வியை மறைத்துவிட்டது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இதே பொருள் வேறு வகையில் பேசப்பட்டது. புதிய கணினியோடு சேர்த்தே விற்க வேண்டும் என்று எழுதப்பட்ட விண்டோஸ் பிரதிகளை ஒரு வணிகர் தனியே விற்றபோது, மைக்ரோசாஃப்ட் அதைத் தடுக்க முடியாது என்று 2000 ஜூலையில் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் முறை சம்மதத்தோடு சந்தைக்கு வந்த பிரதியின் மீது விநியோக உரிமை தீர்ந்துவிடுகிறது என்பது காரணம். 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில் இக்கோட்பாட்டைப் பதிவிறக்கிய மென்பொருளுக்கும் நீட்டியது. ஆனால் அங்கும் இரண்டு வரம்புகள் உண்டு. விற்றவர் தம்மிடம் உள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கிவிட வேண்டும். பலருக்கான ஒற்றை உரிமத்தைப் பிரித்து, தமக்கு வேண்டாத பங்கை மட்டும் விற்கக் கூடாது. ஐரோப்பாவில் தாராளம் காட்டப்பட்டது கைமாறும் பிரதிக்கு. பெருகும் பிரதிக்கு அல்ல. சைஸ்டாரின் இமேஜ் அங்கேயும் இதே சிக்கலைச் சந்தித்திருக்கும்.

நிறுவுபவரின் மேசையில்

இமேஜ் எடுத்து நிறுவுவது எல்லா இடத்திலும் தடை என்று இவ்வழக்குகளிலிருந்து பொருள் கொள்ளக் கூடாது. அந்த வழிக்கு அனுமதி தருகிற உரிமங்கள் இருக்கின்றன. அதைத் தேடி வாங்க வேண்டும். விண்டோஸையே எடுத்துக்கொள்வோம். கணினித் தயாரிப்பாளர் வழியாகக் கணினியோடு வரும் ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடே கட்டுண்டது. அதே மாதிரி நாற்பது கணினிகள் வாங்கி நாற்பதிலும் முறையான உரிமம் இருந்தாலும், ஒன்றிலுள்ள ஓஇஎம் பிரதியை இமேஜாக்கி மற்றவற்றில் ஏற்றும் உரிமை அதனால் வந்துவிடாது. மொத்த உரிம வாடிக்கையாளருக்கு மைக்ரோசாஃப்ட் மறு இமேஜிங் உரிமை என்ற ஒன்றைத் தருகிறது. மொத்த உரிமத்தில் கிடைக்கும் நிறுவல் வட்டையும் திறவுகோலையும் கொண்டு, ஓஇஎம் உரிமம் உள்ள கணினிகளிலும் ஒரே இமேஜை ஏற்றலாம். ஏற்றுவது உரிமம் பெற்ற அதே தயாரிப்பாகவும் அதே பதிப்பாகவும் இருக்க வேண்டும். ஹோம் பதிப்போடு வந்த கணினியில் ப்ரோ இமேஜை ஏற்றினால் இந்த உரிமை பொருந்தாது. மொத்த உரிமத்தில் வாங்கும் விண்டோஸ் மேம்படுத்தலுக்கு மட்டுமே என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கணினியில் தகுதியான அடிப்படை இயங்குதள உரிமம் முன்பே இருந்தாக வேண்டும். இயங்குதளமே இல்லாத வெற்றுக் கணினிகளை மலிவாக வாங்கி மொத்த உரிமத்தால் நிரப்பிவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

டெபியன் போன்ற கட்டற்ற இயங்குதளங்களில் எண்ணிக்கைக் கேள்வியே எழுவதில்லை. எத்தனை கணினியிலும் நிறுவலாம், மாற்றலாம், மாற்றியதை விற்கவும் செய்யலாம். விற்கும்போது குனூ பொதுப் பயன்பாட்டு உரிமத்தின் கீழ் வரும் பகுதிகளுக்கு மூல நிரலையும் கொடுக்க வேண்டும். ரெட் ஹேட் நிறுவனத்தின் வணிகப் பதிப்பில் மென்பொருள் கட்டற்றதே ஆயினும் ஆதரவுச் சந்தா கணினி எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அங்கே மீறப்படுவது பதிப்புரிமை அன்று, சந்தா ஒப்பந்தம்.

ஆப்பிளின் நிலையும் மாறியது, மாறிய விதம் கவனிக்கத்தக்கது. மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பு, 2011 ஜூலை 20 அன்று, மேக் ஓஎஸ் எக்ஸின் லயன் பதிப்பு 29.99 டாலருக்கு ஆப் ஸ்டோரில் வெளியானது. குடும்பப் பெட்டி மறைந்தது. ஒருமுறை வாங்கிய தனிநபர், தமக்குச் சொந்தமான அல்லது தம் கட்டுப்பாட்டில் உள்ள எல்லா ஆப்பிள் கணினிகளிலும் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு நிறுவிக்கொள்ளலாம் என்று உரிமம் விரிந்தது. நிறுவனங்களுக்கு அதே ஒப்பந்தம் வேறு கணக்கு வைத்தது: ஒருவர் பயன்படுத்தும் பல கணினிகள், அல்லது பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு கணினி. ஒவ்வொரு ஆப்பிள் கணினிக்குள்ளும் மெய்நிகர் கணினிகளாக மேலும் இரண்டு பிரதிகள் வரை ஓட்டவும் அனுமதி வந்தது. 2013இல் வெளிவந்த மேவரிக்ஸ் முதல் விலையே இல்லை. வட்டு போயிற்று, உறை போயிற்று, விலையும் போயிற்று. ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இன்றும் இருக்கிறது.